இடது தோள் இறங்கிய எழுத்து

இந்த அறை முழுக்க இப்போது ஃப்ளெக்ஸ் வாடை. நேற்றுச் சாயங்காலம் பேனரை அச்சடித்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தது போல ஒரு வாடை. உனக்குத்தான் அது பிடிக்கும். ஃப்ளெக்ஸ் கடை வாசலில் நின்று மூக்கை இழுத்து இழுத்து மோந்து பார்ப்பாய். நான் துப்பட்டாவால் பொத்திக்கொள்வேன். "இதாண்டி இனிமே நம்ம சோத்து வாசன," என்பாய். கொஞ்ச நேரம் முன்பு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பால்கனியில் வைக்கக் கூடாதா என்று கேட்டாள். வைக்கலாம்தான். ஆனால் வானம் மூடிக்கொண்டு கிடக்கிறது, சாரல் அடித்தால் நனைந்துவிடும். நாளைக் காலையில் இதைத் தூக்கிக்கொண்டு நான் வெள்ளானூர் போக வேண்டும். நாளை உனக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள்.

உன் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. போட்டிருந்தால்தான் கோபித்துக்கொண்டிருப்பாய். கல்லூரி அடையாள அட்டையில் உன் பெயர் அச்சாகியிருந்த அழகைப் பார்த்துவிட்டு அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டு திரிந்தவள் நீ. வாசலில் வாட்ச்மேன் தினமும் நிறுத்துவார். என் பெயர் இந்த மாதிரி இருக்காது அண்ணே என்று அவரோடு தினமும் வாதாடுவாய். அவர் பாவம், பெயர் என்றால் பெயர்தானே என்று என்னைப் பார்ப்பார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

நம்மைச் சேர்த்து வைத்தது ரயில். ஆவடியில் லேடீஸ் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. கதவோரம் நிற்பதற்கே சண்டை. நீ டிராயிங் போர்டை இடது தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளானூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி ஓடி வருவாய். அந்தப் போர்டு முதல் நாளே என் நெற்றியில் இடித்தது. மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தேன். "நீயும் அந்தக் காலேஜா? அப்ப புடி," என்று போர்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கூந்தலை முடிய ஆரம்பித்துவிட்டாய். அவ்வளவு திமிர். அம்பத்தூர் தாண்டுவதற்குள் உன் வீட்டுக் கதை, உன் அம்மா ஜாக்கெட் தைக்கும் கதை, நிலத்தை விற்ற பணத்தில் சித்தப்பா கார் வாங்கிய கதை எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. அப்பா நாமக்கல் பக்கம், அம்மா கரூர், வேலைக்காகப் பருத்திப்பட்டில் ஃபிளாட். அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதானா என்று நீ நிஜமாகவே பரிதாபப்பட்டாய்.

நாலு வருஷ டிசைன் படிப்பில் இரண்டாம் வருஷம் சார் ஒரு வேலை கொடுத்தார். இதுவரை யார் யாருக்கோ வரைந்தீர்கள், இனி உங்களுக்கே ஓர் அடையாளம் வடிவமைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு சின்னம், ஒரு எழுத்து, ஒரு நிறம். விசிட்டிங் கார்டிலிருந்து கடைசி வருஷக் கண்காட்சி வரைக்கும் அதுதான் நம்மைச் சொல்ல வேண்டும். பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும் இது இன்னாருடையது என்று பார்த்தவர்களுக்குத் தெரிய வேண்டும். வகுப்பே குஷியாகிவிட்டது. அடுத்த வாரமே எல்லாரும் தங்கள் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் அடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நானும்தான். எனக்கு வட்டத்தைச் சுற்றி இரண்டு இலைகள் வேறு.

சார் என்னுடையதை ரொம்ப நேரம் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்றார். அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு மத்தியானம் ஆயிற்று. அதற்கப்புறம் நான் போடாத வேஷம் இல்லை. நாமக்கல் முட்டை, கரூர் கைத்தறிக் கோடு, எங்கள் பிளாக்கின் மாடிப்படி, என் கைரேகை, என் கண். எதைப் போட்டாலும் எங்கேயோ பார்த்த மாதிரியே வந்தது. ரயிலில் என் ஃபோனை வாங்கி வரிசையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "உங்க ஊடு மாரியே கீதுடி. கதவு நம்பர் போடலன்னா உள்ள யாரு கீறாங்கன்னே தெரியாது." பக்கத்தில் நின்ற அக்கா சிரித்துவிட்டார். நான் கொரட்டூர் வரை உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை.

நீ மட்டும் வட்டம் போடவில்லை. ஒன்றுமே போடவில்லை. மற்றவர்கள் லெட்டர்பேடு வரை போய்விட்டார்கள், நீ வெறும் கையோடு வருவாய், திட்டு வாங்குவாய், போவாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கலுக்கு முந்தின வாரம் என்று நினைவு, என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாய். கல்லூரிப் பொங்கலுக்கு நான் கட்டப்போகும் புடவைக்கு உன் அம்மா ஜாக்கெட் தைத்துத் தருவதாகப் பேச்சு.

உன் அம்மாவின் தையல் மிஷின் வாசல் அறையில் இருந்தது. அதற்கு மேலே சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் நியூஸ்பேப்பரில் வெட்டிய ஜாக்கெட் அளவுகள் தொங்கின: முன்பக்கம், பின்பக்கம், கை, எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்து, மேலே மார்க்கரில் பெயர் எழுதி. புதிதாகக் கட்டிய ஃபிளாட்டுகளில் இருக்கும் பெண்களின் அளவெல்லாம் அந்தச் சுவரில் இருந்தது. உன் அம்மா என்னைத் திருப்பித் திருப்பி அளந்தார். என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னாம்மா ஸ்கேல் வெச்ச மாரி கீது என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு தினசரியை விரித்து என் அளவை வெட்டினார். கத்தரி நிற்காமல் வளைந்து போனது. அந்த வளைவுக்குக் கைக்குழி என்று பெயர், கை சேரும் இடம், அது சரியாக விழாவிட்டால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அக்குளில் பிடிக்கும் என்று நீ விளக்கம் சொன்னாய். அவர் என் பெயரை எழுதி ஒரு காலி ஆணியில் மாட்டினார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

நீ அப்போது ஓர் ஆணியிலிருந்து உன்னுடைய அளவை எடுத்தாய். இடது கைக்குழியும் வலது கைக்குழியும் வேறு வேறாக இருந்தன. எல்லாருக்கும் ஒன்றை வெட்டித் திருப்பிப் போட்டால் போதும்; உனக்கு மட்டும் உன் அம்மா இரண்டாக வெட்டுவார். சின்ன வயதிலிருந்தே உன் இடது தோள் கொஞ்சம் இறக்கம், டிராயிங் போர்டு மாட்டி மாட்டி இன்னும் இறங்கிவிட்டது. நீ அந்தத் தாளின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து வளைவை வரைந்தாய். திருப்பினாய். இன்னொரு வளைவைச் சேர்த்தாய். என் கண் முன்னால் அது ஒரு 'வ' ஆயிற்று. முன்பக்கக் கைக்குழி ஆழமானது, அது 'ல'வுக்கு வயிறானது. பின்பக்கம் ஆழம் குறைவு, அது 'ம'வுக்குக் கடைசி வளைவு. எல்லா எழுத்தும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு நிற்கிற பெண்ணைப் போல நின்றது.

"எல்லாரும் மூஞ்ச வரையறாங்க," என்றாய். "நா தோள வரையறேன்."

நான் வாழ்த்தியிருக்கலாம். வயிறு எரிந்தது, அதுதான் உண்மை. நீ தேடவே இல்லை, உன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்துக்கொண்டாய் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து எங்கள் சுவர்களைப் பார்த்தேன். பில்டர் அடித்த பெயிண்ட், ஒரு காலண்டர்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நீ வேறொன்றும் செய்யவில்லை. வரைந்த தாளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி, ஒவ்வோர் எழுத்தாக ஃபான்ட் ஆக்கினாய். தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாய். வைக்க இடமில்லை, வீடு முழுக்கத் துணி. முதலில் உன் பெயருக்கு வேண்டிய எழுத்துகள், பிறகு உன் அம்மாவின் பெயருக்கு வேண்டியவை. முடிந்ததா என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "இன்னும் கொஞ்சம் கீதுடி." விசிட்டிங் கார்டில் எதை எங்கே வைப்பது என்பதில் மட்டும் உனக்கு என் கை வேண்டும். ஆகவே கார்டின் ஃபைலை எனக்கு அனுப்புவாய், நான் அடுக்கிக் கொடுப்பேன். ஃபான்ட்டைத் தரமாட்டாய். முடிக்காத ஃபான்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்பாய். அது இல்லாமல் என் திரையில் உன் பெயர் ஏதோ அரசாங்க அறிவிப்பு போல வந்து நிற்கும். அதையே இங்கேயும் அங்கேயும் நகர்த்தித் திருப்பி அனுப்புவேன்.

நம் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஃபைலை வெளியே கொடுக்கும் முன் கர்வ்ஸ் செய்துவிட வேண்டும். எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோடுகளாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியில் திறந்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அது எழுத்து இல்லை; திருத்த முடியாது. இதற்காக நாம் போட்ட சண்டை இருக்கிறதே. ஒருமுறை கார்டை அச்சடித்துப் பார்க்கலாம் என்று ஆவடி மார்க்கெட் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். நீ கர்வ்ஸ் செய்யாமலே கொண்டுவந்திருந்தாய். கடைக்கார அண்ணன் திறந்தார். உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஒரே ஒரு முறை அந்தப் பட்டனை அழுத்தித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன்.

"அழுத்தினா எழுத்து செத்துரும்டி," என்றாய். "நா இன்னும் திருத்தணும்."

கடைக்காரர் காசு வேண்டாம் என்றுவிட்டார். அச்சடிக்காமலே திரும்பி வந்தோம், கையேந்தி பவனில் ஆளுக்கு ஒரு கல் தோசை தின்றோம். உன் எழுத்து தாளில் ஏறவேண்டிய ஒரே நாள் அது. தெரிந்திருந்தால் உன் கையை முறுக்கியாவது அழுத்த வைத்திருப்பேன்.

கடைசி வருஷம், மழைக்காலம். உனக்குக் காய்ச்சல் என்றாய். இரண்டு நாளில் வருகிறேன், போர்டு ஷீட்டை எனக்கும் சேர்த்து வாங்கி வை என்று மெசேஜ் போட்டாய். வாங்கி வைத்தேன். கொசுக் காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் ஏதோ குறைந்துவிட்டது என்றார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்றார்கள். நான் வருவதற்குக் கிளம்பியபோது உன் சித்தப்பா ஃபோனில் சொன்னார், வீட்டுக்கே வந்துடும்மா என்று. எனக்குப் புரியவில்லை. தேறி வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று நினைத்து வழியில் மாதுளம்பழம் வாங்கினேன். தெருமுனையில் ஷாமியானாவைப் பார்த்த பிறகும் பக்கத்து வீட்டு விசேஷம் என்றே நினைத்தேன். அந்தப் பழப்பையை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

பேனர் வைக்க வேண்டும் என்று உன் சித்தப்பா சொன்னார். நம் பக்கத்தில் சாவு என்றால் ஒரு மணி நேரத்தில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி எழுந்துவிட வேண்டும். நீதானே அவளோட படிச்சது, நீயே போட்டுக்கொண்டு வாம்மா என்றார். அதே கடைக்குத்தான் போனேன். என் ஃபோனில் இருந்த உன் கார்டு ஃபைலைக் கொடுத்தேன். வேறு எழுத்தில் உன் பெயரைப் போடுவதை என்னால் நினைக்க முடியவில்லை. அண்ணன் திறந்தார்.

"ஃபான்ட் இல்லம்மா," என்றார். "வேற போட்டுக்கலாமா?"

வேறு போட்டுக்கொண்டோம். கடைகளில் எல்லாச் சாவுக்கும் ஒன்று தயாராக வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியும்: மேலே நீர் வழியும் இரண்டு கண்கள், கீழே விளக்கு, மூலையில் ரோஜா. நாம் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்து எத்தனை கேலி செய்திருக்கிறோம். அதில் உன் அடையாள அட்டைப் படத்தை வைத்து, உருண்டு திரண்ட ஏதோ ஓர் எழுத்தில் உன் பெயரைப் போட்டார்கள். நான் வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக அது உங்கள் தெருமுனையில் நின்றது. உன்னை அதைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள்.

கண்காட்சியில் உனக்கு ஒதுக்கிய பலகையில் சார் ஒன்றும் மாட்டவில்லை. மாட்ட ஒன்றும் இல்லை. உன் படத்துக்கு ஒரு மாலை போட்டு வெள்ளைப் பலகையாகவே விட்டார். வந்தவர்கள் அதுதான் உன் வடிவமைப்பு என்று நினைத்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் என் வட்டமும் இரண்டு இலைகளும் தொங்கின. தேறிவிட்டேன்.

உன் லேப்டாப்பை நான் கேட்டபோது நாள் கடந்துவிட்டது. சித்தப்பா தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு, வேகமாக ஓடட்டும் என்று கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கி வாங்கியிருந்தார். உள்ளே உன் எழுத்து இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஃபான்ட் வேறெங்கும் கிடைக்காது என்று சொன்னால் அவர் நம்பவே இல்லை. நெட்டில் எறக்கிக்கலாமே என்றார்.

நான் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மூன்றாவது மாடியில் வேலை செய்கிறேன். ஜிம், பல் ஆஸ்பத்திரி, வீட்டுமனை எல்லாவற்றுக்கும் வரைகிறேன். அதுவும் வரைவது என்று சொல்லக் கூடாது. கடை பெயரைத் தட்டினால் கணினியே நாற்பது சின்னங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அதில் ஒன்றைப் பொறுக்கிக் கொடுக்கிறேன். நிறைய வட்டங்கள் வருகின்றன, இலைகளும் வருகின்றன. எனக்கென்று ஸ்டைல் எதுவும் இல்லாதது இந்த வேலைக்கு ரொம்ப வசதி என்று முதலாளி ஒருநாள் சொன்னார். அவர் நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார்.

போன வாரம் உன் அம்மா ஃபோன் செய்தார். வருஷம் வருது, பேனர் போடணும் என்றார். போடலாம்மா என்றேன். பிறகு, அன்னிக்கி போட்டது அவ எழுத்து இல்லியேம்மா என்றார். லேப்டாப்பில் நீ அவர் பெயரை எழுதிக் காட்டினாயாம். உன் தோள் இறக்கம் அதில் அப்படியே தெரிந்ததாம். "இந்த வாட்டியாவது அவ எழுத்துல போட்டுக் குடும்மா. அத்த மட்டும் செய்," என்றார். வேறு எதுவும் அவர் என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்ன செய்வது? ஆபீஸில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் உன் கார்டு ஃபைலைத் திறந்தேன். எப்போதும் வரும் அதே சாம்பல் நிறப் பெட்டி திரையில் வந்தது: இந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, மாற்று வைக்கட்டுமா? சில சமயம் அந்தப் பெட்டியைப் பார்த்தால் ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது. என் ஃபோனில் நீ லேப்டாப்போடு இருக்கும் படம் ஒன்று உண்டு, ரயிலில் எடுத்தது. திரையில் உன் பெயர் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து வெளுத்துவிட்டது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ சிரிப்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அப்போதுதான் ஆணி நினைவுக்கு வந்தது. எழுத்து போனால் என்ன, எழுத்து வந்த இடம் இருக்கிறதே. உன் அளவுத் தாள் கிடைத்தால் நீ செய்ததை நானும் செய்யலாம், இடது கைக்குழி, வலது கைக்குழி, திருப்பினால் 'வ'. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வெள்ளானூருக்கு ஓடினேன். ஒரு வருஷத்தில் அப்படி ஓடியதில்லை. பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் அம்மா மிஷினில் இருந்தார். சுவரில் ஆணிகள் எல்லாம் நிறைந்திருந்தன. நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியத்தன்று உன் துணிகளோடு சேர்த்து உன் அளவையும் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"போனவங்க அளவ ஆணியில உட்டா கை தானா அத்தத்தான் எடுக்கும்மா," என்றார். "பழக்கத்துல நா வெட்டிடுவேன். அப்பால யாருக்குப் போட்டு உடறது?"

உன் அளவு ஜாக்கெட் ஒன்றாவது இருக்குமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஒன்றும் இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மனக்கணக்காக உன் அளவை வெட்ட முடியுமா என்று மட்டும் கேட்டேன். எதிர்ப்பட்ட எவளையும் ஒரு பார்வையில் அளந்துவிடுகிற கை. ஒரு தாளை விரித்து, சாக்பீஸை எடுத்து, குனிந்தார். அப்படியே குனிந்து இருந்தார். பிறகு சாக்பீஸைத் தாளின்மேலேயே வைத்துவிட்டார். வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் ஓர் ஆணியிலிருந்து என் பெயர் எழுதிய அளவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். உன்னுது கீது, இத்த வெச்சுப் பாரு, வளைவு வளைவுதானே என்றார். வளைவு வளைவு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது.

இங்கே இந்த மேஜையில்தான் வரைந்தேன். நீ செய்தபடியே, டிரேசிங் பேப்பரை வைத்து, திருப்பி, சேர்த்து. உன் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. சாயவே இல்லை. சாய்த்துப் பார்த்தேன், குடிகாரன் நிற்பது போல இருந்தது, நிமிர்த்திவிட்டேன். ஸ்கேல் வைத்த தோள், எல்லா எழுத்தும் விறைப்பாக, கொஞ்சம் அகலமாக, நெரிசலில் இடம் விடாமல் நிற்பவள் போல. எங்கேயும் பார்த்த மாதிரி இல்லை. சார் இரண்டு வருஷம் கேட்டாரே, நான் முட்டையிலும் கைரேகையிலும் தேடினேனே, அது இதுதான். உன் பெயரை எழுதப் போய் எனக்குக் கிடைத்துத் தொலைத்தது. எனக்கு வேண்டாம்டி. உன்னைத்தானே தேடினேன், இதை யார் கேட்டது?

மறுநாள் உன் அம்மாவிடம் காட்டினேன். தாளைத் தூரமாகப் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லா கீது என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"இது உன் தோளும்மா."

போடலாமா வேண்டாமா என்று கேட்டேன். போடு, பேரு அவுளுதுதானே என்றார். மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

நேற்று கடைக்குப் போகும் முன் முதல் வேலையாகக் கர்வ்ஸ் செய்தேன். ஒரு பட்டன், அவ்வளவுதான், சத்தம்கூட வரவில்லை. அதே அண்ணன்தான் திறந்தார். இந்தமுறை கட்டம் வரவில்லை, பெட்டி வரவில்லை, எல்லாம் வைத்தது வைத்தபடி வந்தது. அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நல்லா இருக்கே, இன்னா ஃபான்ட்டும்மா இது, எனக்கும் குடேன் என்றார். ஃபான்ட் இல்லை அண்ணே, கையால் எழுதியது என்றேன். யாரு எழுத்து என்று கேட்டார். மேலே உன் படம் இருந்தது, கீழே உன் பெயர் இருந்தது. சீக்கிரம் அடித்துக் கொடுங்கள், கடைசி பஸ் போய்விடும் என்றேன். சாயங்காலம்தான் ஆகியிருந்தது.

என் அளவுத் தாள் மடித்து என் கைப்பையில் இருக்கிறது. உன் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நாளைக் காலையில் உங்கள் தெருமுனையில் இந்தச் சுருளை விரித்துக் கட்டுவார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் உன் பெயரைப் படிப்பார்கள். அதில் உன்னுடையது ஒரு வளைவுகூடக் கிடையாது. திருத்தவும் முடியாது. இன்னும் கொஞ்சம் கீதுடி என்று நீ சொல்வாயா என்று இவ்வளவு நேரம் இந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இல்லையடி. முடிந்துவிட்டது.